புரூஃப் அக்காவின் மூன்று நாய்கள்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் பருத்திக் காட்டில் கூலி. நான் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கினேன், பிறகு பட்டாசுக்குத் திரி வெட்டினேன், முப்பது வயதில் இன்னொருவர் ஆலைக்குக் கண்காணி ஆனேன். நாற்பத்தொன்றில் தாயில்பட்டி போகிற வழியில் சொந்த ஆலை. அந்தக் கரிசலில் போர் போட்டால் புழுதிதான் வரும் என்றார்கள். தண்ணீர் வந்தது. உன் படிப்புக்கு லைசென்ஸா என்று சிரித்தார்கள். நாலு தடவை திருப்பி அனுப்பினார்கள், ஐந்தாம் தடவை கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். இருபத்திரண்டு ரூம், நூற்றுக்கு மேல் ஆட்கள். இத்தனை வருஷத்தில் என் ஆலையில் ஒரு ஆளுக்கு ஒரு விரல் போனதில்லை. இதைச் சொல்ல இந்தப் பக்கத்தில் எத்தனை பேரால் முடியும்? ஊர்ப் பள்ளிக்கூடத்தின் சுற்றுச்சுவர், பஸ் நிற்கிற இடத்து நிழற்குடை, குடிநீர்த் தொட்டி எல்லாம் நான் கட்டியதுதான். எல்லாவற்றிலும் என் பெயர் கல்லில் இருக்கிறது.

போன வாரம் உங்கள் அச்சகத்திலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். வெள்ளிவிழா மலர் போடுகிறோம், காலமாகிப்போன புரூஃப் அக்காவைப் பற்றி அதில் இரண்டு பக்கம் வருகிறது, உங்கள் வீட்டில்தானே குடியிருந்தார், ஏதாவது விட்டுப்போயிருந்தால் சொல்லுங்கள் என்று எழுதியதை வாசித்துக் காட்டினார்கள். நானே எழுதித் தருகிறேன் என்று அனுப்பிவிட்டேன். இதுதான் அது. எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். திருத்தவேண்டிய ஆள் இப்போது இல்லை.

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. எங்கள் பக்கம் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தினசரிக் காலண்டருக்குப் புரூஃப் பார்ப்பவர் என்பதால் ஊருக்கே புரூஃப் அக்கா. நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், சூலம் என்று முந்நூற்று அறுபத்தைந்து தாளையும் எழுத்தெண்ணிப் பார்க்கிற வேலை. “காலண்டர் சரியா இருந்தா ஆரு பாத்ததுன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாக அண்ணாச்சி. தப்பு வந்தாத்தான் தேடுவாக” என்பார். சொல்லிவிட்டுச் சிரிப்பார். அதனாலோ என்னவோ, எங்கே என்ன தப்பு நடந்தாலும் கையைத் தூக்குகிற ஆள் அவர். “அது என் கண்ணுல விட்டுப்போனது.” இந்த ஒரு வார்த்தையை அவர் வாயால் நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன்! எனக்கு நேர் எதிர். நல்லது நடந்தால் நான் கையைத் தூக்குவேன்.

முதல் நாள் வீடு கேட்டு வந்தபோது நடந்த பேச்சு எனக்கு அப்படியே இருக்கிறது. போர்மேனுக்கு என்று ஆலையிலிருந்து அரை மைல் தள்ளி ஒரு வீடு கட்டியிருந்தேன். போர்மேன் பொண்டாட்டி டவுனை விட்டு வரமாட்டேன் என்றதால் பூட்டிக் கிடந்தது.

“எத்தன பேரு இருப்பீக?”

“நாலு பேரு அண்ணாச்சி.”

“மத்த மூணு பேரு எங்க?”

“வண்டியில இருக்காக.”

ரோட்டில் நின்ற குட்டியானை வண்டியின் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். மூன்று நாய். நாய் என்று சொன்னால் போதாது. ஒன்று வெள்ளைவெளேரென்று ராஜபாளையம், நின்றால் என் இடுப்புக்கு வந்தது. இன்னொன்று செம்மண் நிறத்தில் கன்றுக்குட்டி அளவு, ஏதோ சீமை நாய்க்கும் நாட்டு நாய்க்கும் பிறந்தது. மூன்றாவது கிழடு, வண்டியின் அகலத்துக்குப் படுத்திருந்தது. சிவகாசியில் நாலு வீட்டிலிருந்து கிளப்பிவிட்டார்கள், ஐந்தாவது வீடு கிடைக்கவில்லை. நானும் இல்லை என்றால் மூன்றையும் எங்காவது கொண்டுபோய் விடவேண்டும். இதை அவர் கெஞ்சிச் சொல்லவில்லை. பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னார்.

“கடிக்குமா?”

“கடிக்காதுக. மத்ததெல்லாம் செய்யும்க.”

சாவியைக் கொடுத்துவிட்டேன். ஏன் கொடுத்தேன்? என் வீட்டுக்காரி போய்ச் சேர்ந்து அப்போது மூன்று வருஷம். பையன்கள் கோயம்புத்தூரில். அதற்கு மேல் கேட்காதீர்கள்.

வெள்ளை நாயின் பெயர் சேவு. செம்மண் நிறத்தான் சீரணி. இரண்டும் சாத்தூர்க் கடைகளில் விற்கிற பண்டம், சேவு காரம், சீரணி இனிப்பு. கிழட்டு நாய் புரோட்டா, எப்போதும் தட்டையாகக் கிடப்பதால். சேவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. வெள்ளை ராஜபாளையத்தில் அப்படிப் பிறப்பது உண்டாம், விலைபோகாது என்று வளர்த்தவர் கழித்துவிட்டார். சீரணி ஒரு மில்காரர் வீட்டில் காவலுக்கு வாங்கியது. மிக்ஸி ஓடினால்கூடக் கட்டிலுக்கு அடியில் போய்விடும், கட்டில் அதன் முதுகில் ஏறி நடக்கும். சின்ன நாயென்றால் யாராவது எடுத்துக்கொள்வார்கள், பெரிய நாயைக் கழித்தால் கழித்ததுதான் என்பார் அவர்.

அவர் சொன்ன மற்றதெல்லாம் ஒரே மாசத்தில் தெரிந்தது. என் வேட்டியில் வெள்ளை முடி ஒட்டாத நாளில்லை. சீரணியின் வாயிலிருந்து முழ நீளத்துக்கு எச்சில் தொங்கும், தலையை உதறினால் சுவர் கடிகாரத்தில் போய் விழும். சேவின் வாலுக்கு எட்டுகிற உயரத்தில் எதையும் வைக்கக் கூடாது. அந்த வீட்டில் காபி குடிப்பவர்கள் தம்ளரை நெஞ்சுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றபடிதான் குடிக்கவேண்டும். பிள்ளையார் சதுர்த்திக்குப் போனபோது நானும் கரண்டு ஆபீஸ்காரரும் அப்படி நின்றோம், ஏதோ சத்தியம் செய்கிறவர்கள் மாதிரி. தோட்டத்தில் மூன்று அடி ஆழத்துக்குக் குழி, ராத்திரியில் வந்தவர் விழுந்தால் ஏணி போடவேண்டும். வெள்ளையடித்த சுவரில் என் தொடை உயரத்தில் வீடு முழுக்க ஒரு பழுப்புப் பட்டை. நாய்கள் உரசி உரசி நடந்து எண்ணெய்ச் சிக்கு ஏறியது. இரண்டு தடவை சுண்ணாம்பு அடித்தேன். பத்து நாளில் பட்டை திரும்ப வந்துவிட்டது. “நாந்தான் தொடைக்காம விட்டுட்டேன் அண்ணாச்சி.” காலையில் முறத்தை எடுத்துக்கொண்டு அவர் தோட்டத்தைச் சுற்றி வருவதை ரோட்டிலிருந்தே பார்க்கலாம். குனிந்து அள்ளுவார், சாம்பல் போடுவார், தென்னைக்குக் கீழே புதைப்பார். முகத்தைச் சுளித்து ஒரு நாள் பார்த்ததில்லை.

ஒருதரம் ஐப்பசி மாசத்துத் தாள்கள் முழுவதையும் புரோட்டா தின்றுவிட்டது. அது படுத்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் வைத்தது தப்பு. அன்றைக்கு உங்கள் அச்சகத்தில் பெரிய சத்தம். நாய் தின்றுவிட்டது என்று அவர் சொல்லவில்லை, நான் தொலைத்துவிட்டேன் என்றார். ராவெல்லாம் உட்கார்ந்து மறுபடி பார்த்துக் கொடுத்தார். இது உங்கள் மலரில் இல்லை. சேர்த்துக்கொள்ளுங்கள்.

கல்யாணம் ஏன் பண்ணவில்லை என்று கேட்ட பெண்களிடம், “இன்னும் புரூஃப் முடியல” என்று சொன்னாராம். என்னிடம் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. சாயங்காலம் ஆலையை அடைத்தபின் என் ஜீப் தானாகவே அந்தப் பக்கம் திரும்பும், அவ்வளவுதான். நான் வாசலில் இறங்கும்போதே மூன்றும் வந்து என் மேல் சாயும். சாய்வது என்றால் பாரத்தை நம்மிடம் இறக்கிவைப்பது. எழுபது கிலோ மனுஷன் நான், அந்தச் சாய்ப்பில் இரண்டு அடி பின்னால் போவேன். “உங்கள ரொம்பப் பிடிச்சுப்போச்சு” என்பார் அவர், நாய்களைச் சொல்லி.

இப்போது ஆலைக்குள் நாய் புகுந்த கதை. எங்கள் ஆட்கள் மத்தியானம் மரத்தடியில் சாப்பிடுகிற நேரம். கருவாட்டுக் குழம்பு வாசம் அரை மைல் போயிருக்கிறது. சேவு வேலியைத் தாண்டி வந்து ஒரு தூக்குவாளியில் வாயை விட்டுவிட்டது. பெண்கள் கூச்சல் போட்டு விரட்டினார்கள். அதற்குத்தான் காது கேட்காதே, எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் அலுமினியப் பவுடர் இருக்கிற ரூமுக்குள் போய்விட்டது. பட்டாசு ஆலையில் செருப்புக் காலோடு நாங்களே உள்ளே போகமாட்டோம். இரும்புச் சாமான் கூடாது, செல்போன் கூடாது, ஒரு பொருளைத் தரையில் இழுக்கக் கூடாது. போர்மேன் வந்து அலறினான்.

“மொதலாளி! நாயி உள்ள கெடந்து புரளுது! நகம் தரையில ஒரசுது!”

“ஆரும் கிட்டப் போகாதீக! வெரட்டாதீக! எல்லாரும் வேலிக்கு அங்கிட்டுப் போங்க!”

எல்லோரையும் தள்ளி நிறுத்தினேன். கருவாட்டுத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு நேரே தனியாக உட்கார்ந்தேன். நான்தான் உட்கார்ந்தேன், போர்மேன் இல்லை. கொஞ்ச நேரத்தில் வெளியே வந்தது பாருங்கள், வெள்ளை நாய் வெள்ளி நாயாகி வந்தது. மூக்கு, காது, இமை எல்லாம் தகதக. வந்து என் மேல் சாய்ந்தது. நானும் வெள்ளி.

அதற்குள் அவர் ஓட்டமும் நடையுமாக வந்துவிட்டார், கையில் குடம்.

“தண்ணி ஊத்தாதீக!” என்று கத்தினேன். மருந்து ஏதும் கலந்திருந்தால் ஈரம் பட்ட பவுடர் சூடேறும். அது எங்கள் தொழிலில் உயிர்ப் பாடம், அவருக்குத் தெரியாது. குடத்தை அப்படியே கீழே வைத்தார். ஆலைக்கு வெளியே வேப்ப மரத்தடிக்குக் கூட்டிப்போய்ப் பழைய பருத்திச் சேலையைக் கிழித்து, நான் தலையைப் பிடித்துக்கொள்ள, அவர் முடி முடியாகத் துடைத்தார். மதியத்தில் ஆரம்பித்தது பொழுது சாய்கிறவரை. அது உதறும், எங்கள் மேல் கொட்டும், திரும்பத் துடைப்போம். ஒரு கட்டத்தில் அவர் முகமும் வெள்ளியாகிவிட்டது, கண் மட்டும் கறுப்பு.

“என்ன அண்ணாச்சி அப்பிடிப் பாக்கீக?”

“வெள்ளிக் கவசம் சாத்துன அம்மன் மாரி இருக்கீக.”

“நீங்க மட்டும் என்னவாம்? பொங்கலுக்கு பெயிண்டடிச்ச தண்ணித் தொட்டி மாரி இருக்கீக.”

அந்தத் தொட்டி நான் ஊருக்குக் கட்டிக் கொடுத்தது. வேறு யார் சொல்லியிருந்தாலும் விட்டிருக்க மாட்டேன். அன்றைக்குச் சிரித்தேன். அவரும் சிரித்தார். நாய் நடுவில் படுத்துக்கொண்டு தூங்கிவிட்டது. அந்த மாதிரி ஒரு மத்தியானம் எனக்கு அதற்கு முன்னும் இல்லை, பிறகும் இல்லை.

மறுநாள் காலை போர்மேன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து நின்றான். “அங்கன நாயி இருக்கணும், இல்லன்னா இங்கன நான் இருக்கணும். ரெண்டுல ஒண்ணச் சொல்லுங்க மொதலாளி.” அவன் சொன்னதில் தப்பில்லை. நூறு உயிர் இருக்கிற இடம். அவரோ நான் வாய் திறப்பதற்குள், “வேலிய நாந்தான் பாக்காம விட்டேன். மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிருதேன்” என்றார். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு எங்கே போவார்? நான் ஒரு வாரத்தில் வீட்டைச் சுற்றி ஏழடிச் சுவர் எழுப்பி இரும்புக் கேட்டும் போட்டுக் கொடுத்தேன். போர்மேன் வந்து கேட்டை உலுக்கிப் பார்த்துவிட்டு வேலைக்குத் திரும்பினான். அவர் இருந்துவிட்டார்.

சுவர் நாயைத் தடுக்கும், சத்தத்தைத் தடுக்குமா? எங்கள் தொழிலில் புதுச் சரக்கைச் சாயங்காலம் வெட்டவெளியில் வெடித்துப் பார்ப்போம். சேவு செவிடு, அதற்குக் கவலை இல்லை. புரோட்டாவுக்கு எதற்கும் கவலை இல்லை. சீரணிதான் நடுங்கிச் செத்துப் பிழைக்கும். அதனால் எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. வெடிக்கப் பத்து நிமிஷத்துக்கு முன்னால் நான் என் போனிலிருந்து ஒரு மிஸ்டு கால் கொடுப்பேன். உடனே அவர் சீரணியை உள் அறைக்குக் கூட்டிப்போய், ஜன்னலைச் சாத்தி, காதைச் சுற்றித் துண்டைக் கட்டிவிட்டு, பக்கத்தில் கிரைண்டரை ஓடவிடுவார். அது ஓடுகிற இரைச்சலில் வெடிச் சத்தம் அமுங்கிவிடும். மிக்ஸிக்குப் பயந்த நாயை அந்தக் கிரைண்டருக்குப் பழக்க அவருக்கு நாலு மாசம் ஆயிற்று. சும்மா ஓட்டுவானேன் என்று மாவும் ஆட்டுவார். சரக்கு சோதித்த மறுநாள் அவர் வீட்டில் இட்லி. சீசன் சமயத்தில் எங்கள் ஆட்கள் பாதிப்பேர் வீட்டுக்கு அந்த மாவு போகும். மூன்று வருஷம் இப்படி நடந்தது. ஒரு நாள் நான் மறந்ததில்லை, அந்த ஒரு நாளைத் தவிர.

அது ஆடி மாசக் கடைசி. வடக்கே இருந்து பெரிய வியாபாரி ஒருவர் வந்திருந்தார். அதுவரை நான் செய்ததிலேயே பெரிய சரக்கு, வானத்தில் போய் மூன்று அடுக்காக விரிவது. அவர் ஆர்டர் கொடுத்தால் ஆலையே இரண்டு மடங்காகும். ஆரம்பம் முதல் என் கதையை எல்லாம் அவருக்குச் சொன்னேன், குச்சி அடுக்கினது, லைசென்ஸ் வாங்கினது. அவர் வாயைப் பிளந்து கேட்டார். நானே பற்றவைக்கிறேன், வீடியோ எடுங்கள் என்று என் போனை அவர் கையில் கொடுத்தேன்.

என் போனை அவர் கையில் கொடுத்தேன். புரிகிறதா? மிஸ்டு கால் கொடுக்கவேண்டிய போன்.

முதல் வெடி மேலே போய் விரிந்தபோது எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவது முழங்கும்போது புரூஃப் அக்கா வீட்டுப் பக்கம் கேட் தகரம் அடிபடுகிற சத்தம் கேட்டது. அப்போதுதான் மிஸ்டு கால் ஞாபகம் வந்தது. ஓடினேன். கேட்டின் ஒரு கதவு வளைந்து தொங்கியது. தாழ்ப்பாள் கொண்டி பிய்ந்து மண்ணில் கிடந்தது. சீரணி தோட்டத்தில் படுத்திருந்ததாம். அவர் ரோட்டில் நின்றுகொண்டு சீரணி, சீரணி என்று கத்துகிறார்.

ஆர்டரைக் கொடுத்துவிட்டு அந்த வியாபாரி போனார். நாங்கள் நாயைத் தேடிப் போனோம். அக்கா ஸ்கூட்டியில் தாயில்பட்டிப் பக்கம், நான் ஜீப்பில் வெம்பக்கோட்டைப் பக்கம். முதல் நாள் இல்லை. இரண்டாம் நாள் இல்லை. மூன்றாம் நாள் காலையில் ஜீப்பை விட்டு இறங்கி அணைக்குள் நடந்தேன். தண்ணீர் வற்றி வெடித்துக் கிடந்தது, உள்ளே கருவேல முள். “சீரணி! சீரணி!” என்று கூப்பிட்டுக்கொண்டு போனேன்.

ஆடு மேய்த்தவர் ஒருவர், “சீரணி வேணும்னா சாத்தூருக்குப் போங்க அண்ணாச்சி. அணைக்குள்ள எவன் கட போட்டிருக்கான்?” என்றார்.

“நாயிய்யா, பெரிய நாயி!”

“பெரிய நாயின்னா... அந்த மதகுக்குள்ள ஏதோ கன்னுக்குட்டி கெடக்குன்னு நெனச்சேன்.”

மதகுக் குழாயின் கடைசியில் இரண்டு கண் தெரிந்தது. கூப்பிட்டால் வரவில்லை. வெள்ளைச் சட்டையோடு அந்தப் புழுதியில் குப்புறப் படுத்தேன். அறுபதை நெருங்குகிற வயது. என்ன பேசினேன் என்று தெரியாது, ரொம்ப நேரம் பேசினேன். எவ்வளவோ மனுஷர்களிடம் வாதாடி ஜெயித்திருக்கிறேன், யாரிடமும் அப்படிப் பேசியதில்லை. அது தவழ்ந்து வந்து என் தோளில் தலையை வைத்தது. பாதம் நாலும் கிழிந்திருந்தது. முள்ளை ஒவ்வொன்றாகக் கையால் பிடுங்கினேன். தூக்கிக்கொண்டு ஜீப்புக்கு வந்தேன்.

வீட்டு வாசலில் அப்போது ஒரு கூட்டம். போர்மேன், எங்கள் ஆட்கள், பக்கத்து ஆலைக்காரர்கள் இரண்டு பேர். அக்கா ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு ஓடிவந்து சீரணியின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் நிமிர்ந்தார்.

“எப்பிடிக்கா ஓடுச்சு? இம்புட்டுப் பெரிய கேட்டு இருக்கே?” என்று போர்மேன் கேட்டான்.

அவர் என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு, “கொண்டிய நாந்தான் சரியாப் போடாம விட்டுட்டேன். அது என் கண்ணுல விட்டுப்போனது” என்றார்.

நான் சொல்லியிருக்கவேண்டும். இத்தனை பேர் நடுவில், இல்லை, நான்தான் மிஸ்டு கால் கொடுக்கவில்லை, வியாபாரியிடம் பெருமை பேசிக்கொண்டு மறந்துபோனேன் என்று ஒரு வார்த்தை. பக்கத்து ஆலைக்காரர்கள் நின்றார்கள். என் ஆட்கள் நின்றார்கள். வாயே வரவில்லை. என் வாய், எந்தக் கூட்டத்திலும் ஓயாத வாய்.

அதற்குப் பிறகு லாரிக் கதவு சாத்துகிற சத்தத்துக்கே சீரணி நின்ற இடத்தில் ஒன்றுக்குப் போய்விடும். கிரைண்டரைப் போட்டாலும் நடுங்கும், அது ஓடினால் வெடி வரும் என்று அதற்குத் தெரிந்துவிட்டது. ஒரு மாசம் பார்த்தார். “இவனுக்கு இங்கன ஒறக்கமே இல்ல அண்ணாச்சி” என்றார். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, மலை அடிவாரத்தில், ஒரு தென்னந்தோப்புக் காவல் வீடு கிடைத்ததென்று அதே மாதிரி ஒரு குட்டியானை வண்டியில் நாலு பேரும் போனார்கள். புரூஃப் கட்டு பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தது உங்களுக்குத் தெரியும். என்மேல் கோபமா என்று கேட்க அந்தத் தோப்புக்கு இரண்டு தடவை கிளம்பினேன். இரண்டு தடவையும் தோப்புக்குப் பிரிகிற ரோடு வரை போய் ஜீப்பைத் திருப்பிவிட்டேன்.

அந்த வீட்டை அதற்குப் பிறகு நான் யாருக்கும் விடவில்லை. சுண்ணாம்பும் அடிக்கவில்லை.

இப்போது உங்கள் மலருக்கு வருகிறேன். இரண்டாம் பக்கத்தில் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள்: ஒருமுறை அவர் கேட்டைப் பூட்ட மறந்ததால் அவரது நாய் வெடிச் சத்தத்துக்கு மிரண்டு ஓடிவிட்டது, மூன்று நாள் அலைந்து அவரே அதைக் கண்டுபிடித்தார், அத்தனை பாசம் என்று. யார் சொன்னார்கள்? அவரே சொல்லியிருப்பார். அதில் இரண்டு தப்பு இருக்கிறது. திருத்துங்கள். அதைக் கண்டுபிடித்தது நான். வெம்பக்கோட்டை அணை மதகில், புழுதியில் படுத்து, நான். அதைப் போடாவிட்டாலும் போகட்டும். மற்றதை விடமாட்டேன். அவர் கொண்டியைச் சரியாகத்தான் போட்டிருந்தார். முன்கூட்டிச் சொல்லாமல் வெடித்தது நான். அந்தத் தப்பு என்னுடையது, அவர் பெயரில் அது அச்சாகக் கூடாது. பள்ளிக்கூடச் சுவரில் போட்ட மாதிரி, என் முழுப் பெயரையும் அப்பா பெயரோடு அந்த இடத்தில் போடுங்கள். அச்சுக்குப் போவதற்கு முன்னால் புரூஃபை என்னிடம் கொண்டுவந்து காட்டுங்கள். நான் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் மிஷினில் ஏற்றவேண்டும்.